கரட்டில் ஆளில்லாத நாள்

கரட்டுப்புதூர், பொங்கலூர் வழி
12-2-1989

அன்புத் தம்பி தங்கவேலுவுக்கு,

அக்காள் எழுதுவது. நானும் உன் மச்சானும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். பம்பாய்த் தண்ணி உனக்கு ஒத்துக்கொண்டதா, போன மாசம் எழுதிய சளி விட்டதா என்று அதே நினைப்பாக இருக்கிறது. ராத்திரி தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு படு.

நம்ம பாறைக் கரட்டைப் பற்றி ஒன்று விடாமல் எழுதச் சொல்லியிருந்தாய். மாசி பிறக்கும்போதே வெயில் ஏறிவிட்டது. மாரப்பண்ணன் கிணற்றிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுபோய் மூன்று கல்தொட்டியிலும் மயில்கள் குடிக்கத் தண்ணி ஊற்றுகிறோம். உன் மச்சானுக்குப் பனியன் கம்பெனியில் ஞாயிறு மட்டும்தான் லீவு. அன்றைக்கும் தூங்கவிடாமல் இழுத்துக்கொண்டு போகிறேன். திட்டிக்கொண்டே வந்து, எல்லோரையும்விட அதிகமாகக் குடம் சுமப்பது அவர்தான். சீமைக்கருவேலம் மேற்குப் பக்கத்தில் மறுபடியும் முளைத்திருந்தது. மார்கழியில் பெய்த மழை ஈரம் காய்வதற்குள் வேரோடு பிடுங்கிவிட்டோம்.

புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். முத்துப்பேச்சி என்று பேர். சாத்தூர்ப் பக்கம். புருசனும் அவளும் திருப்பூரில் பனியன் வேலைக்கு வந்தவர்கள், டவுனில் வாடகை கட்ட முடியாமல் நம்ம ஊர் லைன் வீட்டில் இருக்கிறார்கள். முதல் நாள் வேடிக்கை பார்க்க வந்தாள். சூரைப்புதரில் யாரோ கௌதாரிக்கு வைத்த கம்பிக் கண்ணியை நான் பார்க்காமல் தாண்டிப் போய்விட்டேன், அவள் குனிந்து எடுத்துவிட்டாள். அப்புறம் ஒரு ஞாயிறும் தவறுவதில்லை.

நீயும் நானும் கண்ணியில் கால் மாட்டிய மயிலை எடுத்துக்கொண்டு பல்லடம் மாட்டாஸ்பத்திரிக்குச் சைக்கிளில் ஓடினோமே, அன்றைக்கு ஊரே சிரித்தது. கோயம்புத்தூர் மில்காரர் சும்மா போட்டுவைத்த பூமிக்கு இந்த அக்காளும் தம்பியும் காவல்காரர்களா என்று கேட்டார்கள். இப்போது வெள்வேல மரங்களுக்கு நடுவில் மயில்கள் கூட்டமாக இறங்குவதைப் பார்க்கச் சிரித்தவர்களே வருகிறார்கள். ஓடைப் பக்கம் நரி குட்டி போட்டிருக்கிறது என்று மாரப்பண்ணன் சொல்கிறார். நான் இன்னும் பார்க்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ஓட்டல் சோற்றில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அக்காள்
மயிலாள்


பம்பாய்
3-3-1989

மரியாதைக்குரிய அக்காளுக்கும் மச்சானுக்கும் தங்கவேலுவின் வணக்கம்.

சளி போயிடுச்சுங்க அக்கா. நீங்க சொன்னபடி துண்டு கட்டித்தான் படுக்கிறேன். ரூமில் இருக்கிற பசங்க சிரிக்கிறாங்க.

உங்க கடுதாசியை மூணு தடவை படிச்சேன். இங்கே ஜன்னலைத் திறந்தா எதிர் பில்டிங் சுவர்தான். நீங்க எழுதுறப்ப எந்தப் புதர், எந்தப் பக்கம், எந்தப் பாறைன்னு விவரமாவே எழுதுங்க. படிக்கிறப்ப நானே நடந்து போற மாதிரி இருக்குது. மாரப்பண்ணனை விசாரிச்சதாச் சொல்லுங்க. கம்பெனி லாரி ஊருக்கு வந்தா ரெண்டு பெரிய பிளாஸ்டிக் கேன் அனுப்பச் சொல்லியிருக்கேன், குடத்துக்குப் பதிலா வெச்சுக்கலாம்.

வேலை நல்லாப் போகுது. துறைமுகத்துக்கும் ஆபீசுக்கும் நாள் முழுக்க ஓட்டம்தான். திருப்பூர்ல இருந்து முதலாளி பெருமாள்சாமி போன வாரம் வந்திருந்தார். என்னை வெளியில் கூட்டிக்கொண்டு போய் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். வேலைக்காரன்னு நடத்தறதில்லைங்க. ஊரைப் பத்திக் கேட்டார். நான் நம்ம கரட்டைப் பத்திப் பெருமையாச் சொன்னேன். அந்தப் பக்கம் கிணத்துல எவ்வளவு ஆழத்துல தண்ணி கிடைக்கும்னு கேட்டார். நமக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்.

மச்சான் முதுகுவலிக்கு எண்ணெய் போடுறாரா? நீங்களும் வெயிலில் ரொம்ப அலையாதீங்க.

பாசமுள்ள தம்பி
தங்கவேலு


கரட்டுப்புதூர்
28-3-1989

அருமைத் தம்பிக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். கேன்கள் வந்து சேர்ந்தன. முத்துப்பேச்சிக்குத்தான் ஏகச் சந்தோசம்.

ஒரு கவலையான சேதி. மில்காரர் தை மாசமே இறந்துவிட்டாராம், நமக்கு இப்போதுதான் தெரிந்தது. மகன்கள் கரட்டை விற்கப்போகிறார்களாம். போன செவ்வாய்க்கிழமை சர்வே ஆட்கள் வந்து சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள். யாருக்காக அளக்கிறீர்கள் என்று மாரப்பண்ணன் கேட்டிருக்கிறார். திருப்பூர்ப் பார்ட்டி, சாயப்பட்டறை வருது என்று மட்டும் சொன்னார்களாம்.

ஓடை மட்டும் புறம்போக்கு, அதை விற்க முடியாது. மற்றதெல்லாம் பட்டா பூமி, நாம் கேட்க வழியில்லை என்று உன் மச்சான் சொல்கிறார். ஆனால் மயில் அரசாங்கம் பாதுகாக்கிற பறவை, வன இலாகாவில் போய்ச் சொல்லலாம் என்று மாரப்பண்ணன் சொல்கிறார். வருகிற வாரம் நாலு பேரும் போகிறோம்.

நீ திருப்பூர்க் கம்பெனிக்காரர்கள் நடுவில் இருக்கிறவன். வாங்குவது யார் என்று உங்கள் முதலாளியிடம் கேட்டுச் சொல். அவரே ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பார்ட்டி வேறு இடம் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? உன் மேல் பிரியமாக இருக்கிறார் என்றுதானே எழுதியிருந்தாய்.

பதிலைச் சீக்கிரம் போடு. வெயிலில் மோர் குடி.

அக்காள்
மயிலாள்


கரட்டுப்புதூர்
2-5-1989

தம்பிக்கு அக்காளின் ஆசீர்வாதம்.

போன கடுதாசிக்கும் அதற்கப்புறம் போட்ட கார்டுக்கும் பதிலில்லை. உடம்புக்கு என்னமோ என்று பயந்து திருப்பூர் ஆபீசுக்கு உன் மச்சானை அனுப்பினேன். நீ நன்றாக இருப்பதாகவும் வேலை அதிகம் என்றும் சொன்னார்களாம். அதுவே போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வன அதிகாரியைப் பார்த்துவிட்டோம். நல்ல மனுசன். உட்காரவைத்துக் கேட்டார். முட்டை வைத்திருக்கிற மயில்களை அவர் கண்ணால் பார்த்து எழுதிவிட்டால் வேலையை நிறுத்திவைக்கச் சொல்ல முடியும் என்றார். ஜூன் ஐந்தாம் தேதி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் இடம் இப்படியே இருக்க வேண்டும்.

அதனால் முறைபோட்டுக் காவல் இருக்கிறோம். காலையில் மாரப்பண்ணன். பகலில் நான். சாயங்காலம் முத்துப்பேச்சி கம்பெனி வேன் விட்டு இறங்கியதும் ஊட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அங்கே வருகிறாள். மெசின் எதுவும் வந்தால் முன்னால் உட்கார்ந்துகொள்வது என்று பேசிவைத்திருக்கிறோம். ஊரில் இன்னும் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உனக்குச் சந்தோசமான ஒன்று சொல்கிறேன். வடக்குச் சரிவில், நீ உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பாயே அந்தப் பிளந்த பாறை, அதற்குக் கீழே சூரைப்புதர் வரிசையில்தான் மயில்கள் அடைகாக்கின்றன. நாலு இடத்தில் பார்த்துவிட்டேன். கிட்டே போனாலும் எழுந்திருக்காமல் கழுத்தை மட்டும் தாழ்த்திக்கொள்கின்றன. இந்த இடத்தை வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. அதிகாரிக்கு நேரில் காட்டத்தான்.

ஒரே ஒரு நாள்தான் எனக்கு யோசனை. மாரப்பண்ணன் மகள் கல்யாணம் மே 28 ஞாயிறு, வெள்ளகோவிலில். சனிக்கிழமை சாயங்காலமே ஊரோடு கிளம்புகிறோம், திரும்ப ஞாயிறு பொழுது இறங்கிவிடும். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் கரட்டில் ஆள் இருக்காது. நான் இருந்துகொள்கிறேன் என்றேன். மாரப்பண்ணன் முகம் சுருங்கிவிட்டது. நீ என்ன சொல்கிறாய்? எதையும் உன்னைக் கேட்டுச் செய்துதான் எனக்குப் பழக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி.

உன் அக்காள்
மயிலாள்


பம்பாய்
14-5-1989

அன்புள்ள அக்காளுக்கு வணக்கம். நான் சுகம். உங்களுக்கும் மச்சானுக்கும் உடம்பு நல்லா இருக்கோணும்.

பதில் எழுத முடியாமப் போச்சு, மன்னிச்சுக்குங்க. ஷிப்மெண்ட் நேரம். யார் வாங்குறாங்கன்னு கேட்டிருந்தீங்க. விசாரிக்கிறேன்.

கல்யாணத்துக்குப் போகாம இருக்காதீங்க அக்கா. மாரப்பண்ணன் நமக்காக எவ்வளவு செஞ்சிருக்கார். நீங்க போகலைன்னா அவர் மனசு உடைஞ்சு போயிடும். மச்சானையும் முத்துப்பேச்சியையும் கூட்டிக்கிட்டே போங்க. ஒரு நாள்ல என்ன ஆகப்போகுது. கரடு எங்கேயும் ஓடிப் போயிடாது.

வேற ஒண்ணுமில்லை. நேரம் இல்லாததால சுருக்கமா முடிக்கிறேன்.

தங்கவேலு


கரட்டுப்புதூர்
1-6-1989

தம்பி,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இரு.

உன் பேச்சைக் கேட்டு எல்லோரும் வெள்ளகோவில் போனோம். கல்யாணம் நன்றாக நடந்தது. ஞாயிறு சாயங்காலம் பஸ் விட்டு இறங்கி நடக்கும்போதே டீசல் வாசம் வந்தது. முத்துப்பேச்சிதான் முதலில் ஓடினாள்.

வடக்குச் சரிவு இல்லை. பாறைக்குக் கீழே சிவப்பு மண்ணாக உரித்துப்போட்டிருந்தது. வெள்வேல மரங்களை வேரோடு சாய்த்து ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தார்கள். ரெண்டு புல்டோசர் வந்ததாம். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் வந்து நிறுத்தி, விடிந்ததும் ஆரம்பித்திருக்கிறார்கள். கிழக்குப் பக்கம் ரோட்டை ஒட்டி நல்ல சமமான இடம் கிடக்கிறது, அதில் கை வைக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு வடக்குச் சரிவுக்குப் போயிருக்கிறார்கள். சூரைப்புதர் வரிசையைத்தான் முதலில் எடுத்திருக்கிறார்கள்.

மண்ணுக்குள் முட்டை ஓடு கிடந்தது. ஒரு பொட்டை மயில் மண்ணோடு சேர்ந்து நசுங்கிக் கிடந்தது. எழுந்து ஓடாமல் இருந்திருக்கிறது. மாரப்பண்ணன் கல்யாண வேட்டியோடு அந்த மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உன் மச்சான் கையாலேயே குழி தோண்டி அதைப் புதைத்தார்.

கல்யாணத்துக்கு வராமல் இருந்தது வெள்ளாடு மேய்க்கிற பழனாத்தாள் ஒருத்திதான். ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருக்கிறாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மிணி, பேண்ட் போட்ட ஒரு ஆளு பாறை மேல நின்னுட்டு இங்க இங்கன்னு கையக் காட்டுச்சு. உந்தம்பியாட்டவே இருந்துச்சு."

உனக்குக் கண் மங்கிப் போச்சு, என் தம்பி பம்பாயில் இருக்கிறான் என்று அவளைச் சத்தம் போட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீ அன்றைக்குப் பம்பாயில்தானே இருந்தாய்? வேறு ஒன்றும் எழுத வேண்டாம். ஒரு கார்டில் அதை மட்டும் எழுதிப் போடு. பழனாத்தாளிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

மயிலாள்


கரட்டுப்புதூர்
30-6-1989

தம்பி தங்கவேலுவுக்கு,

ஆனி பிறந்தும் மழை இல்லை. மச்சானுக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. நீ நன்றாக இருக்கிறாய் என்று உங்கள் ஆபீசில் சொன்னார்கள். கார்டு வரவில்லை.

வன அதிகாரி சொன்ன தேதிக்கு வந்தார். மண்ணைப் பார்த்தார். அம்மா, பார்த்ததைத்தான் நான் எழுத முடியும், இங்கே மண்தான் இருக்கிறது என்றார். ஓடைப் புறம்போக்கில் யாரும் கை வைக்கக்கூடாது என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் துண்டு மிச்சம்.

வாங்கியது யார் என்று நீ விசாரித்துச் சொல்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ரோட்டோரம் போர்டு வைத்துவிட்டார்கள். பெருமாள்சாமி என்று பேர் போட்டிருக்கிறது.

நான் இதை எழுதுவது உன்னோடு சண்டை போட இல்லை. எனக்கு இங்கே தலைகாட்ட முடியவில்லை. போன ஞாயிறு கூடியபோது மாரப்பண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஏனுங்க மயிலாத்தா, நாம இல்லாத நாளும் மயிலு படுத்த எடமும் அவிகளுக்கு எப்படீங்க தெரிஞ்சுது?" மரியாதை குறையாமல்தான் கேட்டார். எனக்குத் தெரியாதுங்க என்றேன். பழனாத்தாள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அக்காளும் தம்பியும் சேர்ந்து முதலாளிக்கு வேலை செய்துவிட்டார்கள் என்று பேச்சு. அதற்கப்புறம் மாரப்பண்ணன் கிணற்றில் நான் தண்ணி எடுக்கப் போனால் மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறார். நீ சின்னப் பையனாக இருந்தபோது நம் அம்மா செத்த அன்றைக்கு நமக்குச் சோறு கொண்டுவந்தவர் அவர்.

முத்துப்பேச்சி மட்டும்தான் வருகிறாள். அவளாக ஒன்றும் கேட்பதில்லை. நான் ஏதாவது சொல்லவந்தால், "அதெல்லாம் எதுக்குக்கா, கேனைப் பிடிங்க" என்கிறாள்.

பழனாத்தாள் சொன்னது நிசமோ பொய்யோ, நான் இனி அதைக் கேட்கவில்லை. நீ ஒரு தரம் ஊருக்கு வா. வந்து என் அக்காளுக்கு எதுவும் தெரியாது என்று இவர்கள் முன்னால் சொல்லிவிட்டுப் போ. அது போதும் எனக்கு.

மயிலாள்


திருப்பூர்
20-7-1989

என்றும் என் மதிப்புக்குரிய அக்காளுக்கும் மச்சானுக்கும்,

தங்கவேலு வணக்கத்துடன் எழுதுவது. நான் திருப்பூருக்கே வந்துட்டேங்க. மச்சானுக்கு முதுகுவலி இன்னும் விடலைன்னு தெரிஞ்சு வருத்தப்பட்டேன். இங்கே நல்ல டாக்டர் இருக்கார், நான் ஏற்பாடு பண்றேன்.

ஒரு சந்தோசமான விசயம். முதலாளி தன்னோட ஒரே மகள் தெய்வாத்தாளை எனக்குக் கொடுக்கச் சம்மதிச்சுட்டார். அப்பா அம்மா இல்லாத பையன்னு பார்க்கலை, எனக்கு மகன் மாதிரின்னு சொன்னார். ஆவணியில் முகூர்த்தம். புது யூனிட்டை என் பொறுப்பில் விடப்போறார். நம்ம ஊர் ஆட்கள் நிறையப் பேருக்கு வேலை கிடைக்கும் அக்கா. மச்சான் இனிமேல் டவுனுக்கு வேன் ஏறி அலைய வேண்டியதில்லை.

அந்தப் பூமி எப்படியும் யார் கைக்காவது போகத்தான் போகுது. அவர் வாங்கலைன்னா இன்னொருத்தர் வாங்கியிருப்பார். இதை நீங்க நிதானமா யோசிச்சா உங்களுக்கே புரியும். மத்தது எல்லாம் நேரில் பேசிக்கலாம்.

கல்யாணத்துல இணைச்சீருக்கு என் பக்கத்துல நீங்கதான் நிக்கோணும். அம்மா இருந்திருந்தா அவங்களும் அதுக்குத்தான் ஆசைப்பட்டிருப்பாங்க. உங்களுக்கு நல்ல கூரைப்புடவையா எடுக்கச் சொல்லிட்டேன். பத்திரிகையோட நானே வந்து அழைக்கிறேன்.

உங்கள் ஆசியை வேண்டும்
தங்கவேலு


கரட்டுப்புதூர்
25-8-1989

தங்கவேலுவுக்கு,

நீ காரில் வந்து போனபோது மச்சான் வேலைக்குப் போயிருந்தார். அவர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அது அவருடைய நல்ல குணம்.

அன்றைக்கு நான் உன்னிடம் சாயப்பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினேனா? பாறை மேல் நின்றது யார் என்று கேட்டேனா? சாப்பாடு போட்டேன். வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டேன். மாரப்பண்ணன் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போகிறாய், அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று மட்டும் கேட்டேன். நீயும் சரிங்க அக்கா என்றாய். நீ போன பிறகு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். உன் கார் இந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராக மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது.

முத்துப்பேச்சி அன்றைக்கு லீவு போட்டுவிட்டு மாரப்பண்ணன் வீட்டில்தான் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள்.

மாரப்பண்ணன் உன்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாராம். பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. நாங்க வெள்ளகோவில் போறத உங்க அக்காதான் சொன்னாங்களா?" என்று கேட்டாராம்.

"ஆமாங்க, அக்காதான் எழுதியிருந்தாங்க" என்றாயாம்.

அவ்வளவுதான். மோரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டாய். எதற்கு என்று அக்காளுக்குத் தெரியாது, தம்பி என்று நம்பி எழுதினாள் என்று நீ சொல்லவில்லை. நீ சொன்னதில் பொய் இல்லை தங்கவேலு. நான்தான் எழுதினேன். பாறையையும் புதரையும்கூட நான்தான் எழுதினேன்.

உன் வாயிலிருந்து வந்துவிட்டதால் இனி நான் யாரிடம் போய் என்ன சொன்னாலும் எடுபடாது. மாரப்பண்ணன் மகள் ஆடிக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். தெருவில் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். என் கல்யாணத்தை வைத்தா இப்படிச் செய்தாய் என்று அவள் கேட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

நீ பயந்திருக்கலாம். பெண் கொடுக்கிற இடம், மாமனாரைக் காட்டிக்கொடுக்க முடியாது என்று நினைத்திருக்கலாம். அவரை நீ காட்டிக்கொடுக்க வேண்டாம். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருந்தால் போதும்.

இணைச்சீருக்கு நான் வரவில்லை. அக்காளும் தம்பியும் என்றைக்கும் ஒருவருக்கொருவர் என்று சபையில் நின்று காட்டுகிற சீர் அது. எனக்காக ஒரு வீட்டுக்குள் நாலு பேர் முன்னால் நீ நிற்கவில்லை. அத்தனை பெரிய மண்டபத்தில் உன் பக்கத்தில் வந்து நிற்க எனக்கு முடியாது. பெரியப்பா மகள் மருதாளைக் கூப்பிடு. அவளுக்கும் நீ தம்பிமுறைதான். புடவையை அவளுக்கே கொடுத்துவிடு.

தெய்வாத்தாள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பிள்ளை நல்லபடியாக வாழட்டும்.

மயிலாள்


திருப்பூர்
6-1-1991

அன்புள்ள அக்காளுக்கும் மச்சானுக்கும் வணக்கம்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் போட்ட நாலஞ்சு கடுதாசிக்கும் பதில் வரலைங்க. இதுக்காவது போடுவீங்கன்னு எழுதறேன். மார்கழி முதல் வாரம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்குது. தாயும் குழந்தையும் நலம். எல்லாரும் உங்க சாடைன்னு சொல்றாங்க. நெத்தியும் காதும் அப்படியே உங்களது.

மருதாளக்காதான் சீருக்கு நின்னாங்க. நல்லாத்தான் நடந்துச்சு. ஆனா கூரைப்புடவை கட்டிக்கிட்டு அவங்க பக்கத்துல வந்து நின்னப்ப என்னால தலை நிமிர்ந்து பார்க்க முடியலைங்க. அதுக்கு மேல எழுதத் தெரியலை.

யூனிட் நல்லா ஓடுது. தினமும் அந்தப் பக்கம்தான் வர்றேன். ஊருக்குள் திரும்புறதுக்குக் கால் வரமாட்டேங்குது.

தெய்வாத்தாளுக்கு மயில்னா உசிரு. கரட்டைப் பத்தி நான் சொல்லிச் சொல்லி, குழந்தைக்கு ஒரு வயசானதும் கூட்டிட்டுப் போகோணும்னு சொல்லிட்டிருக்கா. ஓடைப் பக்கம் மிச்சம் இருக்கிற காட்டை நீங்க இன்னும் பார்த்துக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். அங்கே இன்னும் மயில் வருதுங்களா? எந்தப் பக்கம் அடையுது? நரி இருக்குதா? முன்னாடி மாதிரி விவரமா எழுதுங்க அக்கா. படிக்கோணும் போல இருக்குது.

என்றும் உங்கள் தம்பி
தங்கவேலு


கரட்டுப்புதூர்
17-1-1991

தங்கவேலுவுக்கு,

மகள் பிறந்தது சந்தோசம். தெய்வாத்தாளைப் பச்சைத்தண்ணியில் கை வைக்க விடாதே. இந்தப் பனிக்குக் குழந்தையின் உச்சந்தலையைத் துணி போட்டு மூடிவையுங்கள்.

மச்சானுக்கு முதுகு பரவாயில்லை. உன் யூனிட்டில் வேலை தருவதாக ஆள் அனுப்பியிருந்தாய். அவர் பழைய கம்பெனிக்கே போய்க்கொண்டிருக்கிறார். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணியில் இப்போது சோறு ஆக்கினால் மஞ்சளாக வருகிறது. குடிக்கிற தண்ணியைப் பொங்கலூரிலிருந்து சைக்கிளில் கொண்டுவருகிறார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருசத்துக்கு மேல் நானும் முத்துப்பேச்சியும் மட்டும் ஓடைக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். போன புரட்டாசியில் ஒரு நாள் மாரப்பண்ணன் வந்தார். என் கையிலிருந்த கேனை வாங்கித் தொட்டியில் ஊற்றினார். அன்றிலிருந்து வருகிறார். நான் ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. குடிக்க மோர் கொண்டுவந்தால் எனக்கும் ஒரு டம்ளர் கொடுக்கிறார்.

ஆனால் எது எங்கே இருக்கிறது என்று என்னிடம் சொல்வதில்லை. புதரைப் பார்த்துவிட்டு வந்தால் முத்துப்பேச்சியிடம் மெதுவாகச் சொல்கிறார். நான் கிட்டே போனால் பேச்சை மாற்றிவிடுகிறார். எனக்கு முதலில் அழுகை வந்தது. இப்போது வருவதில்லை. அந்தக் காட்டுக்கு அதுதான் நல்லது என்று விட்டுவிட்டேன். அவர் சொல்லாததை நானாகவே கண்டுபிடித்துக்கொள்கிறேன், பார்த்துவிட்டுத் தள்ளி வந்துவிடுகிறேன்.

மயில் வருகிறதா, நரி இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். குழந்தையைப் பற்றிக் கேள், உடம்பைப் பற்றிக் கேள், எழுதுகிறேன். அதை மட்டும் உனக்கு எழுத மாட்டேன்.

மயிலாள்